சரிவு மூழ்கிய நாள்

ஓவர்சியர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கொழுந்தன் எட்டரைக்கே கால்வாய்க் கரையில் வந்து நின்றுகொண்டான். தேய்த்த சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஒரு பைல். அண்ணி தன் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் பைலை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான், அவள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்பதுபோல.

“என்ன அண்ணி, இன்னையோட பலகைக்கு டாட்டா காட்டிடலாமா?”

“தாராளமாக் காட்டுங்க. கை சுளுக்கிக்காமப் பார்த்துக்கோங்க.”

முன்பெல்லாம் அவனை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவாள். இப்போது ‘நீங்க, வாங்க, போங்க’. இந்தக் குடும்பத்தில் மரியாதை கூடிவிட்டது என்றால் பகை முற்றிவிட்டது என்று பொருள்.

தெருவில் அவளுக்குப் பலகையக்கா என்று பெயர். கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில், நெடுக்குப் பள்ளமாகக் காடி வெட்டிய இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, இரண்டு கனமான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருக்கிறாள். அதனால் தண்ணீர் தேங்கித் தொடையளவு ஏறி, பக்கத்துக் குழாய் வழியாகக் கொட்டகைக்குள் போகும். உள்ளே பதினான்கு தொட்டிகள், தொட்டி நிறைய மீன்குஞ்சுகள். பலகையை எடுத்துவிட்டால் கால்வாயில் கணுக்கால் தண்ணீர்தான். குழாயின் வாய் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும், தொட்டிகள் இரண்டே நாளில் நாறிவிடும். பன்னிரண்டு வருடப் பிழைப்பு அந்த இரண்டு பலகையின் மேல்தான் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கால்வாய் அலுவலகம் அதற்கு அனுமதி தரும். இந்தத் தடவை தரக் கூடாது, பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று கொழுந்தன் மனுப் போட்டிருந்தான். அதை விசாரித்து முடிவு சொல்லத்தான் ஓவர்சியர் வருகிறார்.

கொழுந்தனின் வீடும் மரச்சாமான் பட்டறையும் மேல்பக்கம், தண்ணீர் வருகிற திசையில். மாமனார் சாகும்போது மேல்பக்க வீட்டைச் சின்னவனுக்கும் கீழ்ப்பக்கக் கொட்டகையைப் பெரியவனுக்கும் எழுதிவைத்தார். மனிதர் பாகம் பிரித்த நேரத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் எட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு இடத்துக்கும் நடுவே கால்வாய் நாற்பதடி நீளத்துக்குக் கல் பாவிய சரிவாக இறங்குகிறது. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் மார்பளவு இறக்கம்.

அண்ணனையும் தம்பியையும் அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டால் குடும்பம் பிரியாது என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பு. பலகையக்காவின் கூடப்பிறந்த தங்கைதான் கொழுந்தனின் மனைவி. ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கொழுந்தன் பட்டறை மரத்தூளைக் கால்வாயில் கொட்டினான், ஒரு தொட்டி மீன்குஞ்சு செத்து மிதந்தது. அவள் அந்தத் தூளை வலைபோட்டு அள்ளி, மூட்டை கட்டி, கொண்டுபோய் அவன் வாசலில் கொட்டினாள். வாசலைப் பெருக்க வேண்டி வந்தது தங்கைக்குத்தான். அப்புறம் பேச்சு எங்கே இருக்கும்? பலகையக்காவின் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். போனில் விஷயத்தைச் சொன்னால், “ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க” என்பான். அடுத்த நொடி அவனுக்கு டவர் கிடைக்காமல் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கால்வாய் வழிந்து கொழுந்தனின் பட்டறைக்குள் புகுந்தது. அடுக்கி வைத்த பிளைவுட் ஊறி உப்பி, பிரித்துப் போட்ட புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அது மட்டும் என்றால் பலகையக்கா உள்ளூரச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தங்கைக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, படியேறக் கூடாது என்று கீழே பின்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டது. கொழுந்தன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். இந்தச் செய்தி பலகையக்காவுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது, அதுவும் எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லி.

ஓவர்சியர் ஒன்பதேகாலுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கோடு போட்ட அளவுக்கம்பம் ஒன்றைக் கட்டி, குதிரைமேல் ஈட்டியோடு வருகிறவர் போல வந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவரிடம் ஐந்து நிமிட வேலையாகப் போனால் ஐம்பது நிமிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் வர முடியும் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது.

“புகார் கொடுத்தது யாரு?”

“நான்தான் சார். இவங்க பலகை போட்டு அடைச்சதாலதான் தண்ணி ஏறி எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. குழாய அடைச்சா பின்னாடி தண்ணி ஏறுமா ஏறாதா? இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

ஓவர்சியருக்கு முகம் சுருங்கிவிட்டது. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்துக்கா அவர் அத்தனை வருடம் படித்தார்?

“இது குழாய் இல்லைங்க, திறந்த கால்வாய். குழாய்ல தண்ணிய நாலு பக்கமும் பிடிச்சு அமுக்கி வெச்சிருக்கு. இங்க மேல மூடி கிடையாது. தண்ணி எவ்வளவு உசரத்துல ஓடணும், எவ்வளவு வேகத்துல ஓடணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். சரிவு ஜாஸ்தியா இருந்தா வேகம். வேகம் கூடினா அதே தண்ணி மெலிஞ்சுடும். சமதரைக்கு வந்தா வேகம் குறைஞ்சு தடிச்சு நிக்கும். அளக்காம வாய்க்கு வந்ததைப் பேசக் கூடாது.”

அளந்தார். பட்டறைக்குப் பின்னால் கம்பத்தை இறக்கினார்: முழங்கால் ஆழம், தண்ணீர் அசைகிறதா என்று சந்தேகப்படும்படி மெதுவாக வந்தது. ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். “மேல்தண்ணிதான் வேகமாப் போகும். அடியில இருக்கிறது கல்லோட மல்லுக்கட்டிட்டு வருது. அதனால குச்சி போற வேகத்துல பத்துக்கு எட்டுப் பங்குதான் நான் எடுத்துக்குவேன்” என்று கொழுந்தனிடம் சொன்னார். கொழுந்தன் பத்துக்குப் பத்தும் எடுத்துக்கொள்ளும்படி மன்றாடுகிறவன் போல நின்றான். சரிவில் கம்பத்தை வைத்தார்: நாலு விரல் ஆழம்கூட இல்லை, கம்பத்தில் மோதி இரண்டு பக்கமும் தண்ணீர் சீறியது. சரிவின் அடியில், வேகமாக வந்த தண்ணீர் தேங்கிய தண்ணீரில் முட்டி, சட்டென்று எம்பி, வெள்ளை நுரையாகப் புரண்டது. அந்த இரைச்சல் இராப்பகலாக ஓயாது. பலகையக்கா அதைத் துள்ளல் என்பாள்.

தங்கை அப்போதுதான் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து, கால்வாயின் குறுக்கே இருக்கிற சின்னப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். அக்காளை நேராகப் பார்த்தாள்.

பலகையக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் கொழுந்தன் சொல்வது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு மழையில் அவள் தொட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏதோ குறைந்தது. என்ன என்று புரியச் சிறிது நேரம் பிடித்தது. துள்ளலின் சத்தம் நின்றுபோயிருந்தது. பின்பக்கம் ஓடிவந்து பார்த்தாள். சரிவையே காணோம். பலகையால் தேங்கிய தண்ணீர், மேலே இருந்து வெள்ளம் வரவர ஏறி, முதலில் நுரையைச் சரிவின்மேல் தள்ளிக்கொண்டு போய், பிறகு நுரையையும் விழுங்கி, சரிவையும் விழுங்கிவிட்டது. அவள் பலகையிலிருந்து கொழுந்தனின் பின்சுவர்வரைக்கும் ஒரே மட்டமாக, சத்தம் இல்லாமல், பழுப்பாகத் தண்ணீர் நின்றது. நடுவில் தடுப்பு என்று ஒன்றும் இல்லாதபோது அவள் பலகை அவன் வீட்டு வாசலில் நின்ற மாதிரிதான்.

பலகையின் இரும்பு வளையத்தைப் பிடித்து மேலே இழுக்க இரண்டு நிமிடம் போதும். வளையத்தில் கையும் வைத்தாள். அப்போதுதான் செத்து மிதந்த மீன்குஞ்சுகள் ஞாபகத்துக்கு வந்தன. நனையட்டும், அவன் பிளைவுட்டும் கொஞ்சம் நனையட்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மழையில் நனைந்துகொண்டு, கையை வளையத்தில் வைத்தபடியே நின்றாள். பிறகுதான் இழுத்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது, சரிவு வெளியே வந்தது, துள்ளலின் சத்தம் திரும்பக் கேட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தங்கை பின்னறையில் படுத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதை இந்த மூன்று வாரத்தில் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டுவிட்டாள்.

ஓவர்சியர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு யோசித்தார். யோசனை கொழுந்தன் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று அவளுக்குத் திக்கென்றது. பதினான்கு தொட்டிகளும் கண்முன்னால் வந்தன.

“சார்,” என்றாள். “ஒரு கல்லு போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே.”

ஓவர்சியர் நிமிர்ந்தார். பாடத்தில் இருந்த கேள்வியே தேர்வில் வந்துவிட்ட மாணவனைப் போல அவர் முகம் மலர்ந்தது. “அட! அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பன்னெண்டு வருஷமா இந்தத் தண்ணி மூஞ்சிலதானே முழிக்கிறேன்.”

“கேட்டுக்கோங்க,” என்று கொழுந்தன் பக்கம் திரும்பினார். “கீழ நடக்கிற விஷயம் மேல தெரியணும்னா, அந்தச் சேதி அலையா தண்ணிமேல ஏறி வரணும். மெதுவா ஓடுற தண்ணில அலை எதிர்த்துப் போகும். அங்க கீழ நீங்க என்ன பண்ணினாலும் மேல பாதிக்கும். ஆனா அலையைவிட வேகமாத் தண்ணி ஓடுச்சுன்னா, சேதி ஏற முடியாது. கீழ மலையையே தூக்கி வெச்சாலும் மேல இருக்கிற தண்ணிக்குத் தெரியாது.”

பட்டறைக்குப் பின்னால் ஒரு கல்லைப் போட்டார். வட்டம் விரிந்து, ஒரு பக்கம் கீழேயும் ஒரு பக்கம் மேலேயும் நகர்ந்தது. “பாருங்க, ஏறுது.” பலகைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் போட்டார். வட்டம் மேல்நோக்கி ஊர்ந்து போய், நுரையில் முட்டிச் செத்தது. பிறகு சரிவில் போட்டார். வட்டம் என்று ஒன்று உருவாகவே இல்லை. விழுந்த இடத்திலிருந்து இரண்டு கோடாகக் கிழிந்து கீழே ஓடிப்போயிற்று. ஒரு விரல்கடைகூட மேலே ஏறவில்லை.

“போச்சா? இந்தச் சரிவைத் தாண்டி இவங்க பலகையோட சேதி உங்க வீட்டுக்கு வரவே முடியாது.”

கொழுந்தனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து தானே ஒரு கல்லை எடுத்து எறிந்தான். கோடு கீழே ஓடியது. இன்னும் பெரிய கல். அதுவும் அப்படியே. கடைசியில் அரைச் செங்கல் ஒன்றைத் தூக்கி இரண்டு கையாலும் போட்டான். தண்ணீர் தெறித்து ஓவர்சியரின் பேண்ட் முழங்கால்வரை நனைந்ததுதான் மிச்சம்.

“எத்தனை கல்லு போட்டாலும் இயற்கை விதி மாறாதுங்க!” என்று ஓவர்சியர் பேண்டை உதறிக்கொண்டே கத்தினார்.

“என் பொண்டாட்டி தண்ணில கிடந்தா சார்! அது எப்படி வந்துச்சுன்னு அப்போ நீங்களே சொல்லுங்க!”

“மேல இருந்து அவ்வளவு தண்ணி வந்திருக்கும். உங்க பக்கத்துக் கரை தாழ்வா இருக்கும். மரத்தூளைக் கொட்டி நீங்களே கால்வாய்த் தரையை மேடாக்கியிருப்பீங்க. அண்ணியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கொல்லையைப் பார்க்கணும்.”

பலகையக்கா வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, கல்லே எல்லாவற்றையும் பேசிவிட்டது. கல் சொன்னதில் பொய் கிடையாது. இன்றைய தண்ணீரைப் பற்றி அது சத்தியமாகத்தான் சொன்னது. நாலு விரல் தண்ணீரில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை, ஆளை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து எழுதிக்கொள்கிறார் ஓவர்சியர். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் இரண்டே பேரால் முடியும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தன்னால் மட்டும்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று ஓவர்சியர் பொதுவாகக் கேட்டார்.

தங்கை பாலத்திலிருந்து அக்காளைப் பார்த்தாள். அக்காள் தண்ணீரைப் பார்த்தாள்.

ஓவர்சியர் எழுதினார். பேனாவைப் பிடித்த கைக்கு உற்சாகம் வந்துவிட்டால் லேசில் நிற்காது. “இந்தக் கழட்டி மாட்டுற பலகைதான் உங்க சண்டைக்கே காரணம். நான் இதுக்கு நிரந்தரமா ஒரு வழி பண்றேன். பலகையை எடுத்துட்டு அதே உசரத்துக்கு கான்கிரீட் சுவர் கட்டச் சொல்லி எழுதிட்டேன். திங்கக்கிழமை கொத்தனார் வருவார். இனிமே யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், அனுமதியும் வாங்க வேண்டாம்.”

கொழுந்தன் பைலைத் தரையில் வீசி அடித்தான். “நல்லா இருங்க அண்ணி. நாங்க செத்த பிறகு எங்க வீட்டையும் தொட்டியாக்கி மீன் விடுங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அவன் பக்கத்துக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துப் பயனில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பல்லை இளித்துக்கொண்டு நிற்க வேண்டாம், பன்னிரண்டு வருடப் பயம் விட்டது. பத்து எண்ணுவதற்குள் அந்தச் சந்தோஷம் வற்றிப்போயிற்று. கான்கிரீட் சுவருக்கு வளையம் கிடையாது. அடுத்த மழையில் சரிவு மூழ்கினால், மனது இருந்தாலும் தூக்க முடியாது.

தங்கை இன்னும் பாலத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அன்னைக்குச் சத்தமே இல்ல. கட்டிலுக்கு நேரா ஜன்னல். சரிவு முழுகினதை நானும் பார்த்தேன்.”

பலகையக்கா பாலத்துப் பக்கம் இரண்டடி வைத்தாள். “அப்போ நீ ஏன் அந்த ஆள்கிட்டச் சொல்லல?”

“நீயே சொல்லுவியான்னு பார்த்தேன்” என்றாள் தங்கை. ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வீட்டுக்குப் போனாள்.

பலகையக்கா அந்த வயதில் ஓடாத ஓட்டம் ஓடினாள். ஓவர்சியர் தெருமுனையில் அளவுக்கம்பத்தை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். துள்ளல் நின்றது, சரிவு மூழ்கியது, ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது, பலகையைத் தூக்கியதும் இறங்கியது. தான் காத்து நின்றதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். முடிச்சு பாதியில் நின்றது. மனிதர் அளப்பவர்தான், முட்டாள் இல்லை. தன் கல் எந்த இடத்தில் தப்பாக விழுந்தது என்று அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. காது நுனி சிவந்ததை அவள் பார்த்தாள். பிறகு முடிச்சை இறுக்கினார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“சொன்னா பலகை போயிடும்னு பயந்தேன் சார்.”

“இப்போ சொன்னா போகாதா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க பக்கம் தீர்ப்பு வந்த பிறகு நீங்களே வந்து வேண்டாம்னு சொன்னா அதை நான் எந்தக் கணக்குல எழுதறது? பாதிக்கப்பட்டவர் புதுசா மனுக் குடுக்கணும், கூட ஒரு நேர்சாட்சி வேணும். அப்படி வந்தா மேலதிகாரி பார்ப்பார். நான் இல்ல.” வண்டியை உதைத்துக் கிளப்பினார். “திங்கக்கிழமைக்குள்ள” என்று மட்டும் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

அவள் கொட்டகைக்குத் திரும்பினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, இனி அவர் பாடு என்று கை கழுவிவிடலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. தீவனத்தை எடுத்துத் தொட்டிகளில் தூவினாள். மீன்குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு மேலே வந்தன. ஒன்று, இரண்டு என்று பதினான்கு தொட்டிக்கும் போட்டு முடித்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

கொழுந்தன்தான் கதவைத் திறந்தான். வழியை விடாமல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன அண்ணி, மிச்சம் மீதி திட்டு ஏதாவது பாக்கி இருக்கா?”

“என் மேல புதுசா ஒரு மனு எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “இது என்ன புது விளையாட்டு?”

“விளையாட்டு இல்ல. தண்ணிய ஏத்தினது என் பலகைதான்.”

உள்ளே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். சுவரில் இடுப்புயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் காயாமல் இருந்தது. பின்னறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், அடிப்பலகை உப்பிப் பிளந்திருந்தது. பலகையக்காவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். நம்பிக்கை இல்லாதவன் எழுதுகிற மாதிரி பேனாவின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

“கல்லு மேல ஏறலையே. நானே போட்டுப் பார்த்தேனே.”

“இன்னைக்கு ஏறாது. இன்னைக்குச் சரிவுல தண்ணி மெலிசா, வேகமா ஓடுது. வெள்ளத்துல என் பலகைக்குப் பின்னாடி தண்ணி உசந்துக்கிட்டே வந்து சரிவையே முழுங்கிடுச்சு. அப்புறம் அங்க சரிவே இல்ல, வேகமும் இல்ல. உங்க வீட்டுப் பின்னாடி ஓடுற மாதிரியே எல்லாம் ஒரே மெதுவான தண்ணி. அன்னைக்குக் கல்லு போட்டிருந்தா வட்டம் நேரா உங்க ஜன்னல்வரைக்கும் வந்திருக்கும்.”

அவன் எழுதுவதை நிறுத்தினான். புரிந்தது மெதுவாகத்தான் அவன் முகத்தில் ஏறியது.

“இது கல்லு போடச் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்.”

“அதையும் எழுதட்டுமா?”

“எழுதுங்க. இன்னொண்ணும் எழுதணும். சரிவு முழுகினதைப் பார்த்த உடனே நான் பலகையைத் தூக்கல. உங்க பிளைவுட் நனையட்டும்னு நின்னுக்கிட்டு இருந்தேன். இவ உள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது.”

கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். அடித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

“இந்த மனு போனா உங்க பலகை நிக்காது” என்றான் கடைசியில். “கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.”

“தெரியும். எழுதுங்க.”

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“கால் மணி நேரம்.”

பேனா தாளில் ஓடியது. தங்கை அதுவரை தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினாள்.

“கால் மணி நேரம் இல்ல,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “தண்ணி அழுத்திக்கிட்டுக் கதவு திறக்கல. இவர் வெளிய இருந்து இடிச்சாரு, நான் உள்ள இருந்து தட்டினேன். எதிர்ச்சுவர்ல கடிகாரம் இருக்கு. தண்ணி இறங்கின பிறகுதான் கதவு திறந்துச்சு. எத்தனை நிமிஷம்னு எனக்குத் தெரியும், அக்கா.”

பலகையக்கா சுவரில் சாய்த்திருந்த கதவைப் பார்த்தாள். உட்பக்கத்தில், தாழ்ப்பாளுக்குக் கீழே, கட்டிலில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில், பெயிண்ட் சுரண்டிப் போயிருந்தது.

“அரை மணி நேரம்னு எழுதுங்க” என்றாள்.

கொழுந்தன் பழைய எண்ணை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினான். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான், பேனாவையும் நீட்டினான். அவள் நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டாள்.